உங்களுக்குத் தெரியுமா? பானெட்டுக்குள் ஒரு பிரஷர் குக்கர்!

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கிராம்பும் ஏலமும் சுக்கும் கலந்து வீசும் மணத்தில் சொக்கி நிற்கிறீர்களா? மூக்கை விடுங்கள், காதைக் கொடுங்கள்! கிட்டங்கி வாசலில் வரிசை கட்டி நிற்கிறதே டீசல் லாரி, ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் ஒரு பிரஷர் குக்கர் உட்கார்ந்திருக்கிறது!

குக்கரேதான்! உங்கள் அடுப்படிக் குக்கர் வேலை செய்யும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. பல ரேடியேட்டர் மூடிகள் அடக்கிப் பிடிக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அதே 15 பவுண்டு!

அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 120 டிகிரி வரை குமிழி விடாமல் சாதுவாகக் கிடக்கும்!

சரி, சூட்டோடு சூடாக மூடியைத் திறந்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தேன், மயிர்க்கூச்செறிந்தது! 120 டிகிரியில் 10 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வையுங்கள். மூடி கழன்ற நொடியில் அதில் 400 மில்லிகூட ஆவியாகாது. இரண்டு டம்ளர்தான்! ஆனால் அந்த இரண்டு டம்ளர் ஆவியாகி விரியும்போது அடைக்கும் இடம் 600 லிட்டர்! மூன்று டீசல் பீப்பாய் நிறையக் கொதி ஆவி, உங்கள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில்!

60 டிகிரி வெந்நீர் ஆறே விநாடியில் தோலை ஆழமாகப் பொசுக்கிவிடும். உள்ளே இருப்பதோ அதற்கு இரண்டு மடங்கு எண்!

சுட்டுவிட்டால் பற்பசை வேண்டாம், மாவு வேண்டாம், ஐஸ்கட்டியும் வேண்டாம். குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். எவ்வளவு நேரம்? இரண்டு நிமிடமா? இல்லை, முழுசாக 20 நிமிடம்! முகம், கண் என்றால் தண்ணீரில் காட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

சூடான மூடியை எப்படித் திறப்பது என்பதை நான் பஜார் ரோட்டில் நேரிலேயே பார்த்தேன். கம்பம் ஊரிலிருந்து சரக்கோடு வந்த லாரி. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. கிளீனர் பையன் தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மூடிமேல் கை வைக்கப் போனான். எதிர் ஒர்க்‌ஷாப் ஆசான் சாயா கிளாசை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு ஓடி வந்தார். "சூடுண்டு மோனே, தொடண்டா!" பையன் திரும்பிப் பார்த்தான். "ஆசான் சொல்றதக் கேளுடா தம்பி" என்றார் டிரைவர். ஆசான் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் புறங்கையை வைத்தார், எடுத்தார். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் வைத்தார், எடுத்தார். இப்படி நாலைந்து தடவை! ஹோஸை முழுக்கையால் பிடித்து அமுக்க முடிந்த பிறகுதான் ஈரச் சாக்கை நாலாக மடித்து மூடிமேல் போட்டார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். கால் சுற்று. 'உஸ்ஸ்' என்று சின்னதாக ஒரு சத்தம். அது நிற்கும்வரை கையை அசைக்கவில்லை. பிறகு மூடியை அமுக்கித் திருகி எடுத்தார். ஒரு சொட்டுகூடச் சிதறவில்லை! கடிகாரத்தைப் பார்த்தேன். 45 நிமிடம்!

அந்தக் கால் சுற்று ஆசானின் கைவித்தை மட்டுமல்ல. மூடி செய்தவரே வைத்த பாதுகாப்புப் படி! பழைய வகை மூடி முதல் காடியில் ஆவியை மட்டும் விடும். அமுக்கித் திருகினால்தான் இரண்டாம் காடி!

அந்தச் சின்ன மூடிக்குள் ஒன்றல்ல, இரண்டு வால்வு! ஒன்று அழுத்தம் ஏறினால் வெளியே திறக்கும். மற்றொன்று எஞ்சின் ஆறும்போது உள்ளே திறந்து, ரிசர்வ் டேங்கில் ஒதுங்கிய கூலன்ட்டை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். காலையில் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கிறதா? அந்த இரண்டாவது வால்வு செத்துவிட்டது என்று அர்த்தம்!

தினசரி அளவு பார்க்க மூடியைத் தொடவே வேண்டாம்! எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வெள்ளை ரிசர்வ் டேங்கில் கூலன்ட் மேல் கோடு, கீழ் கோடு இரண்டுக்கும் நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். ஐந்தே விநாடி!

மட்டாஞ்சேரி ஆசான் "வெள்ளம் நோக்கியோ?" என்று கேட்டால் பதறாதீர்கள். தண்ணீர் பார்த்தாயா என்றுதான் கேட்கிறார்! நமக்கு ஊரை அடித்துக்கொண்டு போவது வெள்ளம், அவர்களுக்கு டம்ளரில் குடிப்பதே வெள்ளம்!

இப்போது அசல் மட்டாஞ்சேரிச் சமாசாரம். ரேடியேட்டருக்கும் மிளகுக்கும் என்ன உறவு? இருக்கிறது! நடுவழியில் ரேடியேட்டர் ஒழுகினால் பழைய டிரைவர்கள் அள்ளிப் போட்டது மிளகுப் பொடி, அல்லது மஞ்சள் தூள்! தண்ணீரோடு சுற்றி வரும் துகள் ஓட்டை இருக்கும் இடத்தில் போய்ச் சிக்கி, ஊறி, அடைத்துக்கொள்ளும். 1957 முதல் இந்தியாவின் மிளகு முன்பேர வணிகம் நடந்த ஜூ டவுன் இந்த மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறது! உலகமே விலை கேட்ட சரக்கு லாரியின் பின்னால் மூட்டையாக; அதே சரக்கு ஒரு கைப்பிடி முன்னால் ரேடியேட்டருக்குள்!

மிளகோடு முடியவில்லை! அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி புதுக் கார்களிலேயே ஒழுகல் அடைக்கும் மாத்திரை போட்டு அனுப்பியது. அதில் சேர்ந்திருந்த சரக்கு என்ன தெரியுமா? இஞ்சி வேர்த் தூள்! 'கொச்சி சுக்கு' என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கிய ஊர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

ஆனால் சமையலறை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்! ஓட்டையை அடைக்கும் துகளுக்கு நல்ல குழாயும் ஒன்றுதான், கெட்ட குழாயும் ஒன்றுதான். இன்றைய அலுமினிய ரேடியேட்டர்க் குழாயின் உள்ளிடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர். ஒரு முழு மிளகின் குறுக்களவோ 5 மில்லிமீட்டர்! பக்கத்து ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரை மட்டுமே இந்த வைத்தியம். சேர்ந்ததும் முழுசாகக் கழுவி ஊற்றியாக வேண்டும்!

அந்தக் காலத்து ரேடியேட்டரில் குழாய் எத்தனை இருந்திருக்கும், ஊகியுங்கள்! தேன்கூடு ரேடியேட்டரைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக். 1900-இல் முதல் மெர்சிடிஸ் காரில் அவர் வைத்த ரேடியேட்டரில் 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் மொத்தம் 8,070! மட்டாஞ்சேரி பரதேசி சினகாகில் தரை முழுக்கப் பதித்திருக்கும் நீலச் சீன ஓடுகளே சுமார் 1,100-தான். அதைப்போல ஏழு மடங்கு, ஒரு காரின் மூக்கில்!

அந்தக் குழாய்களின் புண்ணியத்தில் எஞ்சினுக்குத் தேவைப்பட்ட தண்ணீர் 18 லிட்டரிலிருந்து 9 லிட்டராகக் குறைந்தது. சரிபாதி!

அதைவிட ஆச்சரியம் ஒன்று. டீசல் எஞ்சினின் தந்தை ருடால்ஃப் டீசல் 1893-இல் சோதித்த முதல் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரே கிடையாது! ஒரு சூட்டையும் வீணாக்கக் கூடாது என்பது அவர் கனவு. அடுத்த மாதிரியிலேயே தண்ணீர் உறை வந்துவிட்டது!

வராமல் எப்படி இருக்கும்? சிலிண்டருக்குள் டீசல் எரியும்போது உண்டாகும் சூடு 2,000 டிகிரி. பிஸ்டன் செய்யும் அலுமினியம் உருகுவது 660 டிகிரியில்! நடுவில் நின்று காப்பாற்றுவது கூலன்ட்டும் ஆயிலும்தான்!

மேற்குக் கொச்சிக்குத் தண்ணீர்க் கஷ்டம் இன்று நேற்று வந்ததல்ல. டச்சுக்காரர் காலத்தில் ஆலுவாவிலிருந்து பெரியாற்றுத் தண்ணீரைப் படகில் கொண்டுவந்து குடித்த ஊர் இது! சுற்றிலும் காயல், தோண்டினால் உவர்ப்பு. மனிதர் வாயில் வைக்க முடியாத தண்ணீரை லாரி மட்டும் பொறுத்துக்கொள்ளுமா? பொறுக்காது! கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அந்த உப்பின் வாடை பட்டாலே போதும், அலுமினியத்தில் ஊசிமுனைக் குழிகள் விழ ஆரம்பித்துவிடும்!

எஞ்சின் உள்சுவரில் 1 மில்லிமீட்டர் உப்புப் படிவு ஏறினால் என்ன ஆகும் தெரியுமா? குறைந்தது 2 சென்டிமீட்டர் இரும்பைக் குறுக்கே வைத்ததுபோல் சூட்டை மறித்துவிடும்! கிணற்று நீர், ஓட்டல் தொட்டி நீர், டேங்கர் நீர் எதுவும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் நல்ல கூலன்ட்டும் கலந்தால் போதும். மற்ற செலவில் கை இறுக்கலாம், இதில் மட்டும் கூடாது!

'பனியே கொட்டாத கொச்சியில் உறைதடுப்பு மருந்து கலந்த கூலன்ட் எதற்கு?' என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டவன்தான்! கூலன்ட்டின் பாதி வேலை துருவைத் தடுப்பது. கூடவே கொதிநிலையையும் ஏற்றும். சரிபாதித் தண்ணீர் கலந்த கூலன்ட் மூடியே இல்லாவிட்டாலும் 107 டிகிரி வரை கொதிக்காது!

சுத்தக் கூலன்ட்டாகவே ஊற்றினால் இரண்டு மடங்கு நல்லதா? தலைகீழ்! கூலன்ட்டின் முக்கியச் சரக்கான எத்திலீன் கிளைக்கால் சுத்தமாக இருந்தால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாதித் தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும்! சூட்டைச் சுமக்கும் சக்தியும் தண்ணீரோடு சேர்ந்தால்தான் கூடும்!

பச்சை, சிவப்பு, நீலம், ரோஸ்... கூலன்ட் நிறத்தை வைத்து ரகம் சொல்ல முடியாது! வெறும் சாயம்தான். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் IS 5759 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் இந்தியத் தர எண்! வண்டிப் புத்தகத்தில் சொன்ன ரகம்தானா என்றும் பாருங்கள். இரண்டு ரகத்தைக் கலந்தால் இரண்டின் காப்பும் பலம் குறையும்!

கூலன்ட் இனிக்கும்! அதுதான் ஆபத்து! 3 கிலோ பூனை ஒன்றைக் கொல்ல ஒரு டீஸ்பூன் எத்திலீன் கிளைக்கால் போதும். பெரியவர் ஒருவருக்கு 100 மில்லியே உயிரைக் குடித்துவிடும்! மட்டாஞ்சேரித் தெருவில் ஆடும் பூனையும் நம்மைவிடச் சுதந்திரமாகத் திரிகின்றன. வடித்த கூலன்ட்டை ஓடையில் கொட்டாதீர்கள், திறந்த வாளியில் விடாதீர்கள். மூடிபோட்ட கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதோ, கூடவே கூடாது!

கூலன்ட் கெட்டுப்போனால் அதற்குள் மின்சாரமே ஓடும்! எர்த் வயர் சரியில்லாத வண்டியில் கரண்ட் கூலன்ட் வழியாகப் பாதை தேடிக்கொண்டு ரேடியேட்டரை அரித்துத் தின்னும். மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள், மறுமுனையைக் குளிர்ந்த கூலன்ட்டில் தொடுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் உஷார்!

பெரிய டீசல் எஞ்சினின் சிலிண்டர் லைனரில் ஊசி குத்தியதுபோல் துளை விழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? துளைத்தது எது? குமிழி! பிஸ்டன் தட்டத் தட்ட லைனர் அதிரும். வெளிப்புறத்தில் ஆவிக் குமிழிகள் பிறந்து பிறந்து வெடிக்கும். சதுர அங்குலத்துக்குப் பல ஆயிரம் பவுண்டு அழுத்தத்தில் ஒவ்வொரு அடியும் விழும். இரும்பை ஆவிக் குமிழி துளைத்துவிடும்! இதைத் தடுக்கும் மருந்தும் நல்ல கூலன்ட்டுக்குள்தான் இருக்கிறது!

டிப்-ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் சாயா நிறத்தில் இருக்கிறதா? ஸ்டார்ட் செய்யாதீர்கள்! கூலன்ட் ஆயிலோடு கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்!

முள் சிவப்புக்குப் போய்த் தானாகவே மளமளவென்று இறங்கிவிட்டதா? சந்தோஷப்படாதீர்கள்! கூலன்ட் முழுசாகக் கொட்டிப்போய், சென்சார் வெறும் காற்றை அளந்துகொண்டிருக்கலாம். முள் குளிர்ச்சி காட்டும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்!

சூடு ஏறினால் முதல் வேலை ஏசியை நிறுத்துவது. ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் நின்று ஏற்கெனவே சூடான காற்றைத்தான் ஊதுகிறது! வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுசாகத் திறந்து விடுங்கள். கொச்சி வெயிலில் ஹீட்டரா? ஆமாம்! அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டை இழுத்துக்கொள்ளும்! வேர்த்தாலும் பரவாயில்லை, எஞ்சின் பிழைக்கும்.

ஓரம் கட்டியதும் சாவியைத் திருப்பி அணைப்பதா? கூலன்ட் இருக்கிறது, ஒழுகவில்லை என்றால் ஓரிரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். டர்போ நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழன்றுவிட்டு வந்திருக்கிறது, ஆற வேண்டாமா! கூலன்ட் கொட்டிவிட்டது என்றால் ஒரு நொடியும் தாமதிக்காமல் அணையுங்கள்!

கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு ஹெட்டே விரிசல் விடும்! காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் நினைவிருக்கிறதா? அதேதான், விலை மட்டும் லட்சக் கணக்கில்!

கொச்சியிலிருந்து கிளம்பும் நெடுஞ்சாலை தனுஷ்கோடி வரை போகிறது, தெரியுமா? பழைய எண் 49, இப்போது கொச்சி முதல் மதுரை வரை 85! கடல் மட்டத்தில் மிளகு ஏற்றிய லாரி நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் மூக்கைத் தூக்கும். அடிமாலி, மூணாறு என்று ஏறி ஏறி 1,500 மீட்டர்!

அந்த உயரத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? 100 அல்ல, 95! சரக்கோடு ஏறும் எஞ்சினின் கூலன்ட் சூடும் அந்த 95-ஐத்தான் உரசிக்கொண்டிருக்கும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால், கொச்சியில் ஒழுங்காக ஓடிய அதே வண்டி மூணாற்றில் கொதித்துவிடும்! சில நூறு ரூபாய் மூடி, பல லட்ச ரூபாய் எஞ்சின்!

மலையில் இன்னொரு விஷயம். லாரி ஊர்வதோ மணிக்கு 15 கிலோமீட்டர், எதிர்க்காற்றே கிடையாது! அத்தனை காற்றையும் விசிறியே இழுக்க வேண்டும். பெரிய லாரியின் விசிறி மட்டுமே 30 குதிரைத்திறனுக்கு மேல் விழுங்கும். ஒரு சின்னக் காரை ஓட்டும் சக்தி!

எனவே மடித்துக் கட்டிய லுங்கியோடும், தோளில் தொங்கும் துண்டோடும் ஓடும் எஞ்சின் பக்கம் குனியாதீர்கள்! பெல்ட் ஒரு நூலைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும். எலெக்ட்ரிக் விசிறி என்றால் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும்!

மட்டாஞ்சேரிக் கிட்டங்கிகளில் பறக்கும் சணல் நாரும் மல்லித் தூசும் எங்கே போய் ஒட்டுகின்றன? ரேடியேட்டர்ச் செதில்களில்! பின்பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் அலுமினியச் செதில் காகிதம்போல் மடங்கிவிடும்!

'கேரளத்தில் குளிரா அடிக்கிறது? தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு' என்பார்கள். கேட்காதீர்கள்! உள்ளே இருப்பது ஒரு உருண்டை மெழுகு. சுமார் 82 டிகிரியில் அது உருகி விரிந்து கதவைத் திறக்கும். வயர் இல்லை, பேட்டரி இல்லை! அதை எடுத்துவிட்டால் பல எஞ்சின்களில் கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். குளிரும் என்று கழற்றிய வண்டி சூடாகும்!

மட்டாஞ்சேரியை ஒட்டிய தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். எத்தனையோ விசைப்படகுகளுக்குள் ஓடுவது நம் சென்னை எண்ணூரின் அசோக் லேலண்ட் எஞ்சின்! ஆனால் அங்கே ரேடியேட்டர் இல்லை, விசிறி இல்லை. அரபிக்கடலே ரேடியேட்டர்! உள்ளே நல்ல தண்ணீர் சுற்றும், வெளியே கடல்நீர் ஓடும். நடுவில் மெல்லிய உலோகக் குழாய். இரண்டு நீரும் கடைசிவரை சந்திக்கக் கூடாது!

கடல்நீர் அரிக்காமல் இருக்க அங்கே ஒரு துத்தநாகத் துண்டைப் பலி கொடுக்கிறார்கள்! உப்பு முதலில் துத்தநாகத்தைத்தான் தின்னும், மற்ற உலோகம் பிழைக்கும். தின்று தீர்த்ததும் புதுத் துண்டு!

பழைய டீசல் ஆட்டோக்கள் பலவற்றுக்கு ரேடியேட்டரும் கிடையாது, கடலும் கிடையாது! ஒற்றை சிலிண்டர், சுற்றிலும் செதில், அதன்மேல் காற்று. அவ்வளவுதான்! செதிலில் சேறு அப்பினால் அதற்கு மூச்சே நின்றுவிடும்!

கடைசியாக ஒரு கணக்கு! 25 லிட்டர் கூலன்ட் கொள்ளும் லாரி. வாட்டர் பம்ப் நிமிடத்துக்கு 250 லிட்டர் தள்ளுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 10 சுற்று! கொச்சியிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய 440 கிலோமீட்டர். மூணாறு ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மதுரை தாண்டிப் போக 12 மணி நேரம். அதே 25 லிட்டர், அதே எஞ்சினை எத்தனை முறை சுற்றி வந்திருக்கும்? 7,200 முறை! ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல்!